தலிபானும் அல்கொய்தாவும் அமெரிக்கா பெற்ற பிள்ளைகளா?

கேள்வி இது: “ரஷ்யாவை விரட்ட அமெரிக்காதான் தலிபானையும் அல்கொய்தாவையும் உருவாக்கியது, பிறகு அவை திரும்பி அமெரிக்காவையே கடித்தன என்கிறார்கள். இராக்கிலும் சிரியாவிலும் எழுந்த ஐஎஸ்ஸும் அதே கதைதான் என்கிறார்கள். இது எந்த அளவுக்கு உண்மை? அமெரிக்கா தலையிடாமல் இருந்திருந்தால் இந்த இயக்கங்களே வந்திருக்காதா?”

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலிபானை அமெரிக்கா உருவாக்கவில்லை. அல்கொய்தாவுக்கு சிஐஏ நேரடியாகப் பணம் கொடுத்ததற்கு நம்பத்தகுந்த ஆதாரம் எதுவும் இதுவரை வரவில்லை. ஆனால் இரண்டும் வேர்விட்ட மண்ணைப் பத்து வருடம் உழுது உரம் போட்டதில் அமெரிக்கப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பணத்தையும் ஆயுதத்தையும் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அமெரிக்கா பாகிஸ்தான் ராணுவத்திடம் விட்டுவிட்டது. என் கணிப்பில் அமெரிக்காவின் பெரிய தவறு அதுதான். அதனால் இந்தக் கதையை வாஷிங்டனிலிருந்து சொல்லத் தொடங்கினால் பாதி புரியாது. ஆப்கன் எல்லையை ஒட்டிய பாகிஸ்தான் நகரமான பெஷாவரிலிருந்தும் இஸ்லாமாபாத்திலிருந்தும் தொடங்க வேண்டும்.

அதற்கு முன் இந்த விவாதத்தில் அடிக்கடி காட்டப்படும் ஒரு புகைப்படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை மாளிகையில் அமெரிக்க அதிபர் ரீகன் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் ஆப்கானியர்கள். “தலிபான் தலைவர்களுடன் ரீகன், 1985” என்று போட்டு, இவர்கள் அமெரிக்காவின் தேசத் தந்தையருக்கு நிகரானவர்கள் என்று அவர் சொன்னதாக ஒரு வரியையும் சேர்த்துப் பல வருடங்களாகச் சுற்றுகிறது. படம் உண்மையானதுதான். ஆனால் எடுக்கப்பட்டது 1983 பிப்ரவரியில். லோகர் மாகாணத்தில் சோவியத் படை நடத்திய படுகொலை உள்ளிட்ட கொடுமைகளைச் சொல்ல வந்திருந்தவர்கள் அவர்கள். தலிபான் என்ற இயக்கம் பிறந்தது 1994-ல். தேசத் தந்தையர் வசனத்தை ரீகன் பேசியது 1985-ல், நிகராகுவாவின் இடதுசாரி அரசை எதிர்த்த கோன்ட்ரா படையினரைப் பற்றி. அமெரிக்காவைக் குற்றம் சாட்ட உண்மையான ஆதாரங்களே மலையளவு இருக்கும்போது, இந்தப் போலித் தலைப்பு எதற்கு என்றுதான் ஒவ்வொரு முறையும் தோன்றும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1893-ல் பிரிட்டிஷார் போட்ட டூரண்ட் கோடு பஷ்தூன் மக்களை இரண்டு பக்கமாகப் பிரித்தது. அந்தக் கோட்டைக் காபூல் மனதார ஏற்றுக்கொண்டதே இல்லை. 1947-ல் பாகிஸ்தானை ஐ.நா.வில் சேர்க்கக் கூடாது என்று வாக்களித்த ஒரே நாடு ஆப்கானிஸ்தான். ஒரு பக்கம் இந்தியா, மறுபக்கம் பாகிஸ்தானின் பஷ்தூன் பகுதிகளைப் பிரித்து ‘பஷ்தூனிஸ்தான்’ கேட்கும் ஆப்கானிஸ்தான் என்று இருந்தால் பாகிஸ்தான் தளபதிகளுக்கு எப்படித் தூக்கம் வரும்? 1973-ல் மன்னர் ஜாஹிர் ஷாவைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்த தாவூத் கான் பஷ்தூனிஸ்தான் கோரிக்கையில் தீவிரமானவர். பாகிஸ்தானை ஆண்ட பூட்டோ பதிலடிக்கு ஆள் தேடினார்.

ஆள் தயாராகவே இருந்தது. அறுபதுகளின் கடைசியில் காபூல் பல்கலைக்கழகத்தில் கம்யூனிஸ்ட் மாணவர்களும் இஸ்லாமியவாத மாணவர்களும் அடித்துக்கொண்டிருந்தார்கள். கெய்ரோவின் அல்அஸ்ஹரில் படித்துவிட்டு வந்த பேராசிரியர் புர்ஹானுதீன் ரப்பானி, பொறியியல் மாணவர் குல்புதீன் ஹெக்மத்யார், பாலிடெக்னிக் மாணவர் அகமது ஷா மசூத் எல்லாரும் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள். எகிப்தில் 1928-ல் ஹசன் அல்பன்னா தொடங்கிய முஸ்லிம் சகோதரத்துவ இயக்கமும், பாகிஸ்தானில் மௌலானா மௌதூதியின் ஜமாஅத்தே இஸ்லாமியும்தான் அவர்களுக்கு வழிகாட்டி. தாவூத் துரத்தியபோது இவர்கள் பெஷாவருக்கு ஓடினார்கள். பூட்டோ அரசு இடம் கொடுத்தது, பயிற்சியும் கொடுத்தது. அந்த வேலையைப் பார்த்துக்கொண்டவர் எல்லைப்புறப் படையின் தலைவராக இருந்த நசீருல்லா பாபர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இருபது வருடம் கழித்து மறுபடி வருவார். 1975-ல் பாகிஸ்தான் ஆதரவோடு பஞ்ச்ஷீரிலும் வேறு சில இடங்களிலும் அவர்கள் கிளர்ச்சி செய்து தோற்றார்கள்.

கவனியுங்கள், இது 1975. ரஷ்யப் படை வர இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. சிஐஏவின் பணம் இங்கே எங்கும் இல்லை. ஆப்கன் இஸ்லாமியவாதிகளை முதலில் ஆயுதமாக்கியது பின்னால் வந்த ராணுவ ஆட்சியாளர் ஜியாகூட இல்லை, சோஷலிசம் பேசிய பூட்டோ.

1978 ஏப்ரலில் கம்யூனிஸ்ட் கட்சி தாவூதைக் குடும்பத்தோடு கொன்றுவிட்டு ஆட்சியைப் பிடித்தது. நிலச்சீர்திருத்தம், மணப்பெண் விலைக்கு உச்சவரம்பு, பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்பு என்று வரிசையாக ஆணைகள் வந்தன. காகிதத்தில் பார்த்தால் பலவும் நல்ல சட்டங்கள். ஆனால் கிராமத்தைத் தெரியாதவர்கள் துப்பாக்கியோடு போய் அவற்றை அமல்படுத்தினார்கள். எதிர்த்தவர்களைப் புலே சர்க்கி சிறையில் அடைத்தார்கள், ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். 1979 மார்ச்சில் ஹெராத் நகரமே எழுந்தது, அங்கிருந்த ராணுவப் பிரிவு கிளர்ச்சிக்காரர்களோடு சேர்ந்துகொண்டது. ஜிம்மி கார்ட்டர் கிளர்ச்சியாளர்களுக்கு முதல் உதவிக்குக் கையெழுத்திட்டது அதற்கும் பிறகு, ஜூலை 3-ல். தொகை ஐந்து லட்சம் டாலருக்குச் சற்று மேல், ஆயுதம் இல்லை. டிசம்பர் 27 அன்று சோவியத் சிறப்புப் படை அதிபர் ஹஃபிசுல்லா அமீனை அவருடைய அரண்மனையிலேயே கொன்றது.

அமெரிக்கா வேண்டுமென்றே பொறி வைத்து ரஷ்யாவை உள்ளே இழுத்தது என்று ஒரு வாதம் உண்டு. கார்ட்டரின் பாதுகாப்பு ஆலோசகர் பிரெசின்ஸ்கி 1998-ல் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டிதான் அதற்கு ஆதாரம்; அந்தப் பேட்டி சரியாக வெளியிடப்படவில்லை என்று பின்னால் அவரே சொன்னார். எனக்கு அந்த வாதத்தில் நம்பிக்கை இல்லை. ஐந்து லட்சம் டாலருக்கு ஒரு பேரரசு படையெடுக்காது. அமீன் அமெரிக்கா பக்கம் சாய்ந்துவிடுவாரோ என்ற பயமும், தங்கள் எல்லையை ஒட்டி ஒரு கம்யூனிஸ்ட் அரசு கவிழ்கிறதே என்ற பதற்றமும்தான் மாஸ்கோவை இழுத்தன. ரஷ்யர்கள் வந்தபின் அதை அவர்களுடைய வியட்நாமாக ஆக்கிவிட வேண்டும் என்று பிரெசின்ஸ்கி துடித்தார் என்பது வேறு விஷயம், அது உண்மைதான்.

இனிமேல்தான் பணம் பேசத் தொடங்குகிறது. பூட்டோவை 1977-ல் கவிழ்த்து 1979 ஏப்ரலில் தூக்கிலும் போட்டிருந்த ஜியா உல் ஹக், அதுவரை உலகம் ஒதுக்கிவைத்த சர்வாதிகாரி. ரஷ்யப் படை வந்ததும் ஒரே இரவில் முன்னணிக் கூட்டாளி ஆகிவிட்டார். கார்ட்டர் 40 கோடி டாலர் தருவதாகச் சொன்னபோது “வேர்க்கடலை” என்று சொல்லி ஒதுக்கினார். (கார்ட்டர் வேர்க்கடலை விவசாயி என்பது தெரிந்தே செய்த கிண்டல்.) அடுத்து வந்த ரீகன் 1981-ல் 320 கோடி டாலர் கொடுத்தார், எஃப்-16 விமானங்களும் கொடுத்தார். பாகிஸ்தான் அணுகுண்டு செய்துகொண்டிருப்பது தெரிந்தும், எண்பதுகள் முழுக்க அமெரிக்கா அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தது.

ஜியா போட்ட நிபந்தனைதான் முக்கியம். எல்லாப் பணமும் ஆயுதமும் பாகிஸ்தான் ராணுவத்தின் உளவு அமைப்பான ஐஎஸ்ஐ வழியாகத்தான் போக வேண்டும். எந்த ஆப்கன் கட்சிக்கு எவ்வளவு என்பதை ஐஎஸ்ஐதான் முடிவு செய்யும். அமெரிக்கர்கள் முஜாஹிதீன்களோடு, அதாவது ரஷ்யர்களை எதிர்த்த ஆப்கன் போராளிகளோடு, நேரடியாகப் பழகக் கூடாது. சிஐஏ ஒப்புக்கொண்டது. தங்கள் கைரேகை படாமல் ரஷ்யர்கள் செத்தால் போதும் என்று இருந்தவர்களுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? சீனாவிலும் எகிப்திலும் சோவியத் மாதிரி ஆயுதங்களை வாங்கிக் கராச்சித் துறைமுகத்தில் இறக்குவார்கள். அங்கிருந்து ராணுவ லாரிகள் ராவல்பிண்டி ஓஜ்ரி கிடங்குக்கும் பெஷாவருக்கும் குவெட்டாவுக்கும் ஏற்றிப்போகும். அமெரிக்கா போடும் ஒவ்வொரு டாலருக்கும் சவூதி அரேபியா ஒரு டாலர் போட்டது. 1980-ல் சில கோடி டாலராக இருந்த அமெரிக்கப் பங்கு 1987-ல் சுமார் 63 கோடியைத் தொட்டது. விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் ஸ்டிங்கர் ஏவுகணை 1986 செப்டம்பரில்தான் களத்துக்கு வந்தது. அதுதான் போரை வென்றது என்பது கொஞ்சம் மிகைப்படுத்தல், வெளியேறும் முடிவைக் கோர்பசேவ் அதற்கு முன்பே எடுத்துவிட்டார்.

ஐஎஸ்ஐ எப்படிப் பங்கிட்டது? பெஷாவரில் ஏழு கட்சிகளை மட்டும் அங்கீகரித்தது. அதில் மூன்று மரபான மதத் தலைவர்களும் மன்னராட்சி அனுதாபிகளும் நடத்தியவை. நான்கு இஸ்லாமியவாதிகளுடையவை: ஹெக்மத்யார், ரப்பானி, யூனிஸ் காலிஸ், சய்யாஃப். ஐஎஸ்ஐயின் ஆப்கன் பிரிவை 1983 முதல் 1987 வரை நடத்திய பிரிகேடியர் முகமது யூசஃப் பின்னாளில் எழுதியபடியே பார்த்தாலும், ஆயுதங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்த நால்வருக்குத்தான் போனது. மதச்சார்பற்ற பஷ்தூன் தேசியவாதிகளுக்கு ஒரு தோட்டாகூட இல்லை. ரோமில் இருந்த மன்னர் ஜாஹிர் ஷாவைச் சுற்றி ஓர் அணி சேர்வதையும் பாகிஸ்தான் விடவில்லை. காரணம் இறைபக்தி இல்லை. தேசியவாதி ஜெயித்தால் டூரண்ட் கோட்டைக் கேள்வி கேட்பான். உம்மத் (உலக முஸ்லிம்கள் எல்லாரும் ஒரே சமுதாயம்) பேசுகிறவன் எல்லையைப் பற்றிப் பேசமாட்டான் என்ற கணக்கு.

அகதிகளின் நிலையையும் சேர்த்துப் பாருங்கள். முப்பது லட்சம் பேர் பாகிஸ்தான் பக்கம் வந்தார்கள். முகாமில் ரேஷன் வேண்டுமென்றால் இந்த ஏழில் ஒரு கட்சியில் பெயர் பதிந்திருக்க வேண்டும். கோதுமைக்கும் கூடாரத்துக்கும் கட்சிச் சீட்டு! ஊரில் ஹெக்மத்யார் பெயரையே கேட்டிராத விவசாயிகூட அவருடைய கட்சிக்காரர் ஆனார். அப்படித்தான் காபூல் பல்கலைக்கழகத்தின் ஒரு சின்ன மாணவர் கூட்டம் பத்து வருடத்தில் ஒரு தேசத்தின் குரலாக மாறியது. மேற்கத்தியப் பணத்தின் உண்மையான விளைவு என்று கேட்டால் நான் ஸ்டிங்கரைச் சொல்லமாட்டேன், இந்தச் சீட்டைத்தான் சொல்வேன்.

ஹெக்மத்யார் 1985-ல் அமெரிக்கா போனபோது ரீகனைச் சந்திக்கவே மறுத்துவிட்டார். அமெரிக்காவைத் திட்டிக்கொண்டே அமெரிக்க ஆயுதத்தில் பெரும்பங்கு வாங்கியவர் அவர். ரஷ்யர்களோடு போரிட்ட அளவுக்கு மற்ற முஜாஹிதீன் அணிகளோடும் போரிட்டவர். சிஐஏவுக்கு இது தெரியாமல் இல்லை. நன்றாகச் சண்டை போடுகிறார் என்று ஐஎஸ்ஐ சொன்னது, அது போதுமானதாக இருந்தது. கோஸ்த் பகுதியின் ஜலாலுதீன் ஹக்கானிக்கு மட்டும் சிஐஏ ஐஎஸ்ஐயைத் தாண்டி நேரடியாகவும் பணம் கொடுத்ததாகப் பதிவாகியிருக்கிறது. அவர் மகன் சிராஜுதீன் ஹக்கானிதான் 2021 முதல் காபூலில் உள்துறை அமைச்சர்.

பாடப்புத்தகங்களைச் சொல்லாமல் விட முடியாது. 1984 முதல் 1994 வரை அமெரிக்க உதவி நிறுவனம் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஒமாஹா கிளைக்கு 5 கோடி டாலருக்கு மேல் கொடுத்து, ஆப்கன் பிள்ளைகளுக்குப் பாடநூல்கள் அச்சிட்டது. அகரவரிசையில் ஜிஹாதும் துப்பாக்கியும் வரும். கணக்குப் பாடத்தில் தோட்டாவையும் கையெறி குண்டையும் கூட்டச் சொல்வார்கள். அகதி முகாம்களிலும் ஆப்கன் பள்ளிகளிலும் இந்தப் புத்தகங்கள் ரஷ்யர்கள் போன பிறகும் ஓடின. தலிபான் ஆட்சியிலும் அவற்றைத்தான் படித்தார்கள், படத்தில் உள்ள மனித முகங்களை மட்டும் அழித்துவிட்டு. யாரோ ஒரு முல்லா ரகசியமாக அச்சிட்டது இல்லை, அமெரிக்க வரிப்பணத்தில் முறையாக ஒப்பந்தம் போட்டு அச்சிட்டது.

அரபு நாட்டுக்காரர்கள் எங்கே வந்தார்கள்? பாலஸ்தீனத்தைச் சேர்ந்த மார்க்க அறிஞர் அப்துல்லா அஸ்ஸாம் 1984-ல் பெஷாவரில் ஒரு சேவை அலுவலகம் திறந்தார். ஆப்கன் ஜிஹாத் ஒவ்வொரு முஸ்லிமின் தனிக் கடமை என்று எழுதினார், ஊர் ஊராகப் பேசினார். அலுவலகத்துக்குப் பணம் போட்டவர்களில் ஒருவர் சவூதிக் கட்டுமானச் செல்வந்தரின் மகன் உசாமா பின் லாடன். அவர்களுக்கு வளைகுடாச் செல்வந்தர்களும் அறக்கட்டளைகளும் பள்ளிவாசல் உண்டியல்களும் இருந்தன. சிஐஏவின் காசு தேவைப்படவில்லை. 1979 நவம்பரில் ஜுஹைமான் அல்உதைபி கூட்டம் மக்காவின் புனிதப் பள்ளிவாசலையே கைப்பற்றியதில் ஆடிப்போயிருந்த சவூதி அரசுக்கு, கொதிக்கிற இளைஞர்கள் ஆப்கானிஸ்தானுக்குப் போவது ஒருவகையில் நிம்மதி. வந்தவர்களின் எண்ணிக்கை எந்தக் காலத்திலும் சில ஆயிரத்தைத் தாண்டியிருக்காது. ஒன்றரை லட்சம் ஆப்கன் போராளிகளுக்கு நடுவே இவர்கள் போரின் போக்கை மாற்றவில்லை. 1987-ல் ஜாஜியில் நடந்த ஒரு சின்னச் சண்டையைப் பின் லாடன் தன் வாழ்நாள் முழுக்கப் பெரிதாகச் சொல்லிக்கொண்டார். 1988 ஆகஸ்டில் பெஷாவரில் அல்கொய்தா தொடங்கியது. அடுத்த வருடம் அஸ்ஸாம் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். யார் செய்தார்கள் என்பது இன்றும் தீராத விவாதம்.

ஆக, அல்கொய்தாவுக்கு அமெரிக்காவின் பங்கு மறைமுகமானது. சிஐஏ ஆயுதம் கொடுத்த சய்யாஃப், காலிஸ், ஹக்கானி ஆகியோரின் முகாம்களில்தான் அரபுகள் தங்கினார்கள், பயிற்சி பெற்றார்கள். வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்தவர்கள், விருந்தாளி யார் என்று கேட்கவில்லை.

1989 பிப்ரவரி 15 அன்று சோவியத் படைத் தளபதி ஜெனரல் குரோமோவ் பாலத்தைக் கடந்து சோவியத் பக்கமிருந்த தெர்மெஸ் போனதோடு ரஷ்யப் போர் முடிந்தது. ரஷ்யர்கள் விட்டுப்போன நஜிபுல்லாவின் கம்யூனிஸ்ட் அரசு சில வாரத்தில் விழும் என்று எல்லாரும் கணித்தார்கள். மூன்று வருடம் நின்றது. 1990-ல் பாகிஸ்தான் அணுகுண்டு செய்கிறது என்பது அமெரிக்காவுக்குத் திடீரென்று நினைவுக்கு வந்து உதவியை நிறுத்தியது. 1992-ல் ஆயுத விநியோகத்தை இரு வல்லரசுகளும் நிறுத்தின, ஏப்ரலில் காபூல் விழுந்தது. அதன்பின் அரசியல் இஸ்லாம் பேசிய அதே தலைவர்கள் தலைநகரைத் துண்டு போட்டார்கள். பிரதமர் பதவியும் வேண்டும், ஊரும் எரிய வேண்டும் என்று ஹெக்மத்யார் காபூல் மீது ராக்கெட் மழை பொழிந்தார். ரஷ்யர் காலத்தில் பெரிதாகச் சேதமாகாத நகரம் இவர்கள் காலத்தில்தான் இடிந்தது.

தலிபான் பிறந்தது இந்தக் குப்பையிலிருந்து. அவர்கள் ஹெக்மத்யார் போலப் பல்கலைக்கழக இஸ்லாமியவாதிகள் இல்லை. கட்சி, தேர்தல், அரசியல் சாசனம் என்று பேசுகிற சகோதரத்துவ இயக்க மரபு அவர்களுக்கு அந்நியம். பழைமையான மார்க்கக் கல்வி மரபான தேவ்பந்தி மதரஸாக்களில் படித்த கந்தஹார் கிராமத்து முல்லாக்கள். அவர்களில் பலர் ரஷ்யப் போரில் சண்டை போட்டவர்கள். அவர்களுடைய தலைவர் முல்லா உமர் அந்தப் போர்க்காலத்தில் ஒரு கண்ணை இழந்தவர். சாலைக்குச் சாலை சங்கிலி போட்டு வசூலித்த குறுநிலத் தளபதிகளைத் துரத்தினார்கள் என்பதால் மக்கள் முதலில் வரவேற்றார்கள். குவெட்டா, சமன் லாரி முதலாளிகள் பணம் கொடுத்தார்கள், தடையில்லாத சாலை அவர்களுக்கு லாபம்.

அப்புறம் வருகிறார் நசீருல்லா பாபர். 1994-ல் பூட்டோவின் மகள் பேநசீரின் அரசில் உள்துறை அமைச்சர். மத்திய ஆசியாவுக்கு வணிகப் பாதை திறக்க வேண்டும் என்று ஒரு லாரி அணியைக் கந்தஹார் வழியாக அனுப்பினார். தளபதிகள் மறித்தார்கள், தலிபான் மீட்டது. அடுத்த சில நாளில் கந்தஹாரே அவர்கள் கையில். எல்லையை ஒட்டிய ஸ்பின் போல்தக்கில் பிடித்த ஆயுதக் கிடங்கு அவர்களுக்குப் பெரிய சொத்து. ஹெக்மத்யார் தோற்ற குதிரை என்று முடிவு செய்த பாகிஸ்தான், புதுக் குதிரைக்கு மாறியது. 1996 செப்டம்பரில் தலிபான் காபூலைப் பிடித்து நஜிபுல்லாவைக் கொன்று விளக்குக் கம்பத்தில் தொங்கவிட்டது.

அமெரிக்கா? ஆரம்பத்தில் வெளியுறவுத் துறை கிட்டத்தட்ட வரவேற்கிற தொனியில்தான் பேசியது. யூனோகால் என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனத்துக்குத் துர்க்மெனிஸ்தானிலிருந்து எரிவாயுக் குழாய் போட ஆசை, 1997 டிசம்பரில் தலிபான் குழு ஒன்று டெக்சாஸ் போய் விருந்துகூடச் சாப்பிட்டது. ஆனால் பாகிஸ்தான், சவூதி, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் அங்கீகரித்ததுபோல் அமெரிக்கா அங்கீகரிக்கவே இல்லை. இதைச் சந்தர்ப்பவாதம் என்று சொல்லலாம், உருவாக்கம் என்று சொல்ல முடியாது.

பின் லாடனைத் தலிபான் அழைத்து வந்தது என்பதும் தவறு. 1990-ல் இராக்கின் சதாம் குவைத்தைப் பிடித்தபோது, அமெரிக்கப் படை வேண்டாம், என் ஆட்களோடு நான் காக்கிறேன் என்று சவூதி அரசிடம் சொன்னார், அவர்கள் ஏற்கவில்லை. புனித பூமியில் அமெரிக்கப் படை இறங்கியதுதான் அவரை அமெரிக்காவின் எதிரியாக்கிய முக்கியமான காரணம். சூடானிலிருந்து 1996 மே மாதம் ஜலாலாபாத் வந்தபோது அந்த ஊர் தலிபான் கையிலேயே இல்லை. இடம் கொடுத்தவர்கள் காலிஸ் வட்டத்தினர், அதாவது எண்பதுகளின் பழைய முஜாஹிதீன்கள். சில மாதத்தில் ஊரோடு சேர்த்து விருந்தாளியும் தலிபானுக்கு வந்து சேர்ந்தார். 1998 ஆகஸ்டில் நைரோபி, தாருஸ்ஸலாம் தூதரகக் குண்டுவெடிப்புகளில் 224 பேர் செத்தார்கள். கிளிண்டன் கோஸ்த் முகாம்கள் மீது ஏவுகணை வீசியபோது செத்தவர்களில் காஷ்மீருக்காகப் பாகிஸ்தான் பயிற்றுவித்த ஹர்கத்துல் முஜாஹிதீன் ஆட்களும் இருந்தார்கள். ஒரே மலையில் யார் யார் அடுத்தடுத்து முகாம் போட்டிருந்தார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து கடத்தப்பட்ட இந்திய விமானம் கடைசியில் கந்தஹாரில் போய் இறங்கியதற்கும், பயணிகளை மீட்க இந்தியா விடுவித்த தீவிரவாதி மசூத் அசார் அங்கிருந்தே பாகிஸ்தானுக்குத் திரும்பியதற்கும் இதுதான் பின்புலம்.

ஐஎஸ் விஷயத்தில் என் பதில் வேறு. அங்கே அமெரிக்காவின் பொறுப்பு மிக நேரடியானது. ஐஎஸ்ஸின் முன்னோடி இயக்கத்தை நடத்திய, ஜோர்டானைச் சேர்ந்த அபூ முஸஅப் அல்ஸர்காவியை சதாமுக்கும் அல்கொய்தாவுக்கும் நடுவே உள்ள பாலம் என்று 2003 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பாவெல் ஐ.நா.வில் சொன்னார், அது பொய்யாகப் போனது. படையெடுப்புக்குப் பிறகு அதே ஸர்காவிக்கு இராக் முழுவதும் களமானது. மே மாதம் இராக்கை நிர்வகித்த அமெரிக்க அதிகாரி பால் பிரெமர் இரண்டு ஆணைகள் போட்டார்: ஒன்று சதாமின் பாத் கட்சிக்காரர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கியது, அடுத்தது ராணுவத்தையே கலைத்தது. ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானவர்கள் சம்பளமில்லாமல் வீதிக்கு வந்தார்கள். பின்னாளில் ஐஎஸ்ஸின் ராணுவ மூளைகளாக இருந்தவர்களில் பலர் சதாமின் பழைய அதிகாரிகள். ஐஎஸ்ஸின் தலைவரான அபூ பக்கர் அல்பக்தாதி 2004-ல் அமெரிக்கர்களின் புக்கா சிறை முகாமில் இருந்தவர். ஆனாலும் 2014 ஜூனில் மோசுல் அவ்வளவு சீக்கிரம் விழுந்ததற்கு, சன்னிகளை ஒதுக்கிய இராக் பிரதமர் மாலிக்கியின் அரசும் சிரியாவில் அசாத் கட்டவிழ்த்த வன்முறையும் காரணம். அமெரிக்கா வேண்டுமென்றே ஐஎஸ்ஸை வளர்த்தது என்பவர்கள் அறியாமையில் நடந்ததைத் திட்டமாக மாற்றுகிறார்கள்.

அமெரிக்கா இல்லாமல் இருந்திருந்தால்? இஸ்லாமியவாத அரசியல் இருந்திருக்கும், அதில் சந்தேகமே இல்லை. சகோதரத்துவ இயக்கச் சிந்தனையாளர் சய்யித் குத்பை எகிப்து தூக்கிலிட்டது 1966-ல், எகிப்து அதிபர் சதாத் சுடப்பட்டது 1981-ல், சிரியாவின் ஹமா நகரில் ராணுவம் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது 1982-ல். இவற்றுக்கு ஆப்கன் பணம் காரணமில்லை. தோற்றுப்போன அரபு தேசியமும் சித்திரவதைச் சிறைகளும் போதுமானதாக இருந்தன. வாக்குச்சீட்டு வழியாக வந்த இஸ்லாமியவாதிகளும் உண்டு. அல்ஜீரியாவில் 1991 தேர்தலின் முதல் சுற்றில் அவர்கள் ஜெயித்தார்கள், ராணுவம் ரத்து செய்தது, மேற்கு நாடுகள் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை, பத்து வருட உள்நாட்டுப் போர் வந்தது. துனிசியாவின் இஸ்லாமியவாதக் கட்சி அந்நஹ்தா 2014-ல் அமைதியாக ஆட்சியை விட்டு இறங்கியது. எல்லாரையும் ஒரே சாக்கில் போடுகிறவர்களுக்கு இந்த இரண்டு நாடுகளைப் பற்றிப் பேசச் சங்கடமாக இருக்கும். இல்லாமல் போயிருக்கக்கூடியது ஆப்கன் கிராமத்தில் ஹெக்மத்யாரின் பலமும், உலகம் முழுவதிலுமிருந்து வந்தவர்கள் சந்தித்துக்கொள்ள ஒரு பெஷாவரும்தான். அவை இல்லாத அல்கொய்தாவைக் கற்பனை செய்வது கடினம்.

பாகிஸ்தானின் கணக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேற்கைப் பற்றிய விவாதத்தில் அது எப்போதும் விட்டுப்போகிறது. 2021 ஆகஸ்டில் தலிபான் மறுபடி காபூலைப் பிடித்ததும் ஐஎஸ்ஐ தலைவர் ஃபயஸ் ஹமீது நேரில் போய், ஓட்டலில் தேநீர்க் கோப்பையோடு பத்திரிகையாளர்களிடம் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அந்த டிசம்பரிலேயே தலிபான் வீரர்கள் எல்லையில் பாகிஸ்தான் போட்ட முள்வேலியைப் பிடுங்கினார்கள். பாகிஸ்தான் அரசை எதிர்த்துப் போரிடும் ‘பாகிஸ்தான் தலிபான்’ இயக்கத்துக்குக் காபூல் தலிபான் இடம் கொடுக்கிறது என்று குற்றம் சாட்டி 2022-லும் 2024-லும் 2025-லும் பாகிஸ்தான் விமானங்கள் ஆப்கன் மண்ணில் குண்டு போட்டன. டூரண்ட் கோட்டைத் தலிபான் இன்றுவரை எல்லையாக ஏற்கவில்லை. உம்மத் பேசுகிறவன் எல்லையைக் கேட்கமாட்டான் என்று நம்பித்தான் 1973-லிருந்து இத்தனையும் செய்தார்கள்.